கப்பலூர்ப் பக்கம் ஒரு காம்பவுண்டிங் பட்டறை: எட்டு மாதம் சரக்கு வாங்கிய அனுபவம்

போன ஆவணியில் ராஜபாளையம் பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து ஒரு சாக்கு மூட்டை எனக்குத் திரும்பி வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நான் போட்டுக் கொடுத்த நைலான் புஷ் (சுற்றும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) 300 சொச்சம், அடியில் மோட்டார் ஃபேன் 40. புஷ்ஷெல்லாம் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டதாம். ஃபேன்கள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக வளைந்திருந்தன, நாலைந்தில் நடுவிலேயே விரிசல். புதூரில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஏற்றும் இன்ஜெக்ஷன் மெஷின் இரண்டை வைத்துக்கொண்டு 12 வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறவன் நான். மெஷின் செட்டிங்கில்தான் கோளாறு என்று நினைத்து டெம்பரேச்சரை ஏற்றி இறக்கி, பிரஷரைக் கூட்டிக் குறைத்து இரண்டு நாளை வீணாக்கினேன். செட்டிங்கில் ஒன்றுமில்லை, நான் வாங்கிப் போட்ட சரக்கு அந்த வேலைக்கான சரக்கே இல்லை. அதை எனக்குப் புரியவைத்தவர்தான் இந்தப் பட்டறைக்காரர்.

பட்டறை திருமங்கலம் போகும் வழியில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. கீழே குறையும் எழுதப்போகிறேன், அவரோடு வியாபாரமும் தொடர்கிறது. மோல்டிங் தொழிலில் இருக்கிறவர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோய் நம் வீட்டுப் பக்குவத்துக்குக் குழம்புப்பொடி திரித்து வாங்குவோமே, காம்பவுண்டிங்கும் ஏறக்குறைய அதுதான். வெறும் பிளாஸ்டிக் குருணையோடு கண்ணாடி இழை, தாதுப்பொடி, இன்னொரு பிளாஸ்டிக், கறுப்பு என்று தேவைப்பட்டதைச் சேர்த்து உருக்கிப் பிசைந்து மறுபடி குருணையாக வெட்டித் தருவார்கள். அதை வாங்கி வந்து நாம் மெஷினில் போட்டு அச்சில் ஏற்றுவோம்.

முதல் நாள் போனபோது இரண்டு பீஸையும் கையோடு கொண்டு போயிருந்தேன். அண்ணன் புஷ்ஷை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "இது எங்க தம்பி உக்காருது?" என்றார். இரும்பு ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) அழுத்தி ஏற்றுவோம், நடுவில் ஷாஃப்ட் சுற்றும் என்றேன். "மில்லுக்குள்ள ஈரம் எவ்வளவு வைக்கிறாங்க?" இதுவரை எனக்குச் சரக்கு விற்ற எந்த டீலரும் இதைக் கேட்டதில்லை. நூல் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக ஸ்பின்னிங்கில் காற்றின் ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் வைத்திருப்பார்கள், அதற்கென்றே தனி பிளான்ட் ஓடும். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

நைலான் தண்ணீர் குடிக்கும் என்பது எனக்குத் தெரியும்தான், மெஷினில் போடும் முன் உலர்த்துகிறோமே. ஆனால் பீஸ் ஆன பிறகும் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நைலான் 6-ஐத் தண்ணீரிலேயே ஊறப் போட்டால் தன் எடையில் 9 சதவீதம் வரை குடித்துவிடும். பாதி ஈரமுள்ள காற்றில் சும்மா வைத்திருந்தாலே இரண்டரை, மூன்று சதவீதம் ஏறும். ஏறினால் பெருக்கும். வெளியே பெருக்க இடமில்லாமல் இரும்பு ஹவுசிங் பிடித்திருக்கிறது, அப்போது எங்கே போகும்? உள்துளையை நோக்கித்தான் வரும். 20 மி.மீ. துளை பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் போதும், ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். என் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்தபோது அளவு சரியாக இருந்ததற்கும் மில்லில் போய் இறுகியதற்கும் காரணம் இவ்வளவுதான்.

சரி, இதற்கு என்ன கலவை போடலாம் என்று நோட்டை எடுத்தேன். "புஷ்ஷுக்கு என்கிட்ட வராதீங்க. அசிட்டால் வாங்கிப் போடுங்க" என்றார். கண்ணாடி போட்ட நைலான் போடலாமே என்றேன். "ஷாஃப்டைத் தின்னுரும்" என்றார். அசிட்டால் வேறொரு வகைப் பிளாஸ்டிக், அதே காற்றில் கால் சதவீத அளவுக்குத்தான் ஈரம் ஏற்றும், வழவழப்பும் அதற்குச் சொந்த குணம், கடையில் ரெடியாகக் கிடைக்கும், அவருக்கு அதில் ஒரு பைசா வரும்படி கிடையாது. நான் அந்தப் பட்டறையை நம்ப ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான். (அசிட்டால் முதல் முறை போடுகிறவர்களுக்கு: பேரலில், அதாவது மெஷினில் சரக்கு உருகும் குழாயில், ரொம்ப நேரம் சூட்டில் விட்டுவிடாதீர்கள், கண்ணும் மூக்கும் எரியும். பி.வி.சி. ஓட்டிய பேரலைச் சுத்தம் செய்யாமல் அசிட்டாலை ஏற்றவே ஏற்றாதீர்கள்.) புஷ் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது, அதன் பிறகு ஒரு புஷ்கூடத் திரும்பி வரவில்லை.

ஃபேன் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நான் போட்டிருந்தது 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான் 6, சென்னை டீலர் தந்த நல்ல கம்பெனிச் சரக்கு. டேட்டா ஷீட்டைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வெறும் நைலான் 6 பளு தாங்கியபடி 65 டிகிரியை ஒட்டியே வளைந்துகொடுக்கும். அதில் 30 சதவீதம் இழை போட்டால் 200 டிகிரி வரை நிற்கும். இழுவிசைத் தாங்குதிறன் இரண்டு மடங்கு. இந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் இந்த எண்கள் எல்லாம் உலர்ந்த, தட்டையான டெஸ்ட் பீஸில், இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும்போது எடுத்தவை. என் ஃபேனோ வட்டம், எட்டு இறக்கை.

உருகிய சரக்கு அச்சுக்குள் பாயும்போது இழைகள் ஆற்றில் போகும் வைக்கோல் மாதிரி ஓட்டத்தின் போக்கில் படுத்துக்கொள்ளும். படுத்த திசையில் இழை சுருங்கவிடாது, குறுக்குத் திசையில் தடுக்க ஆளில்லை, அங்கே கூடுதலாகச் சுருங்கும். ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் சுருங்காமல் இருந்தால் அப்பளம்தான். நடுவில் விரிசல் விட்டதற்கு வேறு காரணம். என் அச்சில் மூன்று இடத்திலிருந்து சரக்கு உள்ளே வரும். மூன்று ஓட்டமும் சந்திக்கிற மூன்று கோடுகளில் இழைகள் கோட்டை ஒட்டியே படுத்திருக்குமே தவிர, கோட்டைத் தாண்டிப் பாலம் போடாது. அந்தக் கோட்டில் நீங்கள் எத்தனை சதவீதம் கண்ணாடி போட்டாலும் கிட்டத்தட்ட வெறும் நைலான் பலம்தான். "அச்சை மாத்தாம சரக்கை மட்டும் மாத்தி என்ன பிரயோசனம்" என்று சொல்லி, நடுவில் ஒரே வட்டமாகச் சரக்கு உள்ளே வருகிற மாதிரி அச்சின் நுழைவாயை (கேட்) மாற்றச் சொன்னார். அச்சு செய்கிறவரிடம் அதற்குத் தனியாக அழுதேன், செலவுக்கணக்கை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

சரக்கில் அவர் செய்தது இரண்டு மாற்றம். ஒன்று, 30 சதவீதக் கண்ணாடியில் பாதியை இழையாகவும் பாதியைப் பொடி உருண்டையாகவும் போட்டார். உருண்டைக்கு நீளம் அகலம் கிடையாது, எந்தத் திசையிலும் ஒரே மாதிரிதான் தடுக்கும், அதனால் வளைவு குறையும். பலம் கொஞ்சம் போகும், ஃபேனுக்கு அது போதும். இரண்டாவது மாற்றம்தான் எனக்குப் புதுசு. நைலானோடு பி.பி.-யை (பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்) கலந்தார், 70-க்கு 30. பி.பி. தண்ணீரைத் தொடவே தொடாது, விலையும் எடையும் குறைவு. மில் ஈரத்தில் ஃபேன் தளர்ந்துபோவது அதனால் மட்டுப்படும். கண்ணாடி போடாத நைலானின் விறைப்பு ஈரம் ஏறிய பிறகு பாதிக்கும் கீழே போய்விடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நைலானும் பி.பி.-யும் ஒன்றோடொன்று சேராது. பழைய ரன்னர்களை (அச்சுக்குச் சரக்கு போகும் வழியில் உறைந்து மிஞ்சும் துண்டுகளை) ஒன்றாக அரைத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பீஸ் உரிந்து உரிந்து வரும். நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகளுக்கு ஒன்றோடு ஒன்று கலக்கிற ஆசையே குறைவு. ஒன்று மற்றொன்றுக்குள் சொட்டுச் சொட்டாக நிற்கும், சொட்டின் விளிம்பில் பிடிப்பு இருக்காது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனத்தை ஒட்டவைத்த பி.பி. என்று தனியாக விற்கிறார்கள், அதைச் சில சதவீதம் சேர்க்கிறார். அதன் உடம்பு பி.பி., அதனால் பி.பி.-க்குள் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அதன் மேலே ஒட்டியிருக்கும் அன்ஹைட்ரைடு பேரல் சூட்டிலேயே நைலான் சங்கிலியின் நுனியோடு வினைபுரிந்து கையைக் கோத்துக்கொள்கிறது. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் ஓடிவிடும், சீயக்காய் போட்டால்தானே எண்ணெய் தண்ணீரோடு வரும், அந்த வேலை. தரகர் போடாத கலவை ஒன்றையும் போட்டதையும் தட்டையாக வார்த்து இரண்டையும் என் கையில் கொடுத்து மடக்கச் சொன்னார். போடாதது பிஸ்கட் மாதிரி உடைந்து, உடைந்த இடம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. போட்டது மடங்கி வெளுத்தது, உடையவில்லை. பத்துப் பக்கம் படிப்பதைவிட இது நன்றாகப் புரிந்தது.

கண்ணாடிக்கும் இதே கதைதான். கண்ணாடி இழையின் மேல் அதை நைலானோடு பிடிக்கவைக்கும் சிலேன் என்ற ரசாயனப் பூச்சு இருக்க வேண்டும், அதிலும் நைலானுக்கு ஏற்ற பூச்சு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு வேலைக்கான இழையை வாங்கிப் போட்டால் இழை தனி, நைலான் தனி. "நம்ம தியாகராசர் காலேஜ் பேராசிரியர் பிளாஸ்டிக் ரோடு போட்டாரே, அதுலயும் இதானே தம்பி" என்றார். மதுரையில் பிளாஸ்டிக் என்று வாயைத் திறந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஆனால் அவர் சொன்னது சரிதான். அந்தப் பேராசிரியர் வாசுதேவன் முறையில் பிளாஸ்டிக் கழிவைத் தாரில் கலக்குவதில்லை. துண்டாக்கிய பிளாஸ்டிக்கை முதலில் சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லி மேல் போட்டுக் கல்லுக்குப் பூச்சு கொடுத்துவிட்டு, அப்புறம்தான் தார். 2006-ல் கல்லூரிக்கு அதற்குக் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. கல்லும் தாரும் பிடித்துக்கொள்ளும் இடத்தைச் சரிசெய்ததுதான் அதில் சூட்சுமம். இதை இத்தனை வருஷம் பேப்பரில் படித்திருக்கிறேன், என் ஃபேனோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

மெஷினையும் பார்த்தேன். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர், இரண்டு திருகும் ஒரே பக்கம் சுற்றும், விட்டத்தைப் போல் 40 மடங்கு நீளம். வாயில் நைலானும் பி.பி.-யும் தரகரும் போகிறது. கண்ணாடி இழையை அங்கே போடுவதில்லை. சரக்கு முழுசாக உருகிய பிறகு பாதி வழியில் பக்கவாட்டுத் தொட்டி வழியாக உள்ளே விடுகிறார். ஆரம்பத்திலேயே போட்டால் உருகாத குருணையோடு சேர்ந்து அரைபட்டு இழை மாவாகிவிடும். 3, 4 மி.மீ. நீளத்தில் உள்ளே போகிற இழை எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் வெளியே வரும்போது அரை மி.மீ.-க்கும் குறைவாகத்தான் இருக்கும், அதையும் கெடுத்துக்கொண்டால் கண்ணாடி போட்டதற்கே அர்த்தமில்லை. இதே காரணத்துக்காக நம் ரன்னரை அரைத்துத் திரும்பச் சேர்ப்பதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார். நான் முன்பு கூசாமல் பாதிக்குப் பாதி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நிற்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், இழைத் தூசி பட்டால் ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டும்.

இனி குறைகள்.

முதல் லாட் நன்றாக வந்தது, ஃபேன் தட்டையாக உட்கார்ந்தது. இரண்டாவது லாட் ஐப்பசி மழையில் வந்தது. நைலான் கலந்த சரக்கை அலுமினியத் தாள் உறை போட்ட பையில் அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இவர் சாதாரணப் பின்னல் சாக்கில், உள்ளே மெல்லிய பாலிதீன் பை போட்டு, அதன் வாயைச் சணலால் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார். சரக்கில் ஈரம் ஏறிவிட்டது, ஷாட் அடித்தால் (அச்சில் ஏற்றினால்) ஃபேன் முழுக்க வெள்ளிக் கோடு. வழக்கமாக 80 டிகிரியில் நாலு மணி நேரம் காயவைத்தால் முடிகிற வேலைக்கு எட்டு மணி நேரமும் பத்தவில்லை. ஃபோன் போட்டால், "மழை தம்பி" என்கிறார். மழை எனக்கும் தெரியும் அண்ணே. இத்தனை தெரிந்த மனுஷர் ஒரு பைக்குக் கணக்குப் பார்க்கிறார் என்பதுதான் எரிச்சல். இப்போது அலுமினியத் தாள் பைகளை நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன், அவர் அதில் நிரப்பி சீல் வைத்துத் தருகிறார்.

அதைவிடப் பெரிய குறை மாசியில் வந்தது. என் ஃபேன் ஒன்று சாதாரணமாக 62 கிராம் நிற்கும். புது மூட்டையில் முதல் பத்து ஷாட்டை எடைபோட்ட பையன், தராசு கெட்டுவிட்டது என்று வந்து நின்றான். எல்லாமே 59 அரை. அதே அச்சு, அதே செட்டிங், எடை இரண்டரை கிராம் குறைகிறது என்றால் உள்ளே கனமான பொருள் குறைந்திருக்கிறது. கனமான பொருள் என்றால் கண்ணாடி, அதன் அடர்த்தி நைலானைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டால் 30 சதவீதத்துக்குப் பதில் 24 வருகிறது. ஃபோனில் சொன்னேன், "வாய்ப்பே இல்ல" என்றார். சண்டை போடவில்லை, மதுரை சிப்பெட்டில் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) காசு கட்டி எரித்துப் பார்க்கக் கொடுத்தேன். பிளாஸ்டிக் முழுக்க எரிந்துபோன பிறகு மிச்சமிருக்கிற சாம்பல்தான் கண்ணாடி. எடைபோட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டது. தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்து பக்கவாட்டுத் தொட்டியைத் திறந்து பார்த்தால், ஈரத்தில் இழை பொதியாக அடைத்துக்கொண்டு விட்டு விட்டு விழுந்திருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் பையனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூட்டை முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு சரக்கு கொடுத்தார், லாரி வாடகையும் அவரே போட்டார். அது நியாயமான காரியம். ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் கொஞ்சம் சரக்கை எரித்துப் பார்க்க ஒரு சிறு உலை வாங்கி வைக்காமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று அன்றைக்கே சொன்னேன், வாங்குகிறேன் என்றார், இன்னும் வாங்கவில்லை.

விசிட்டிங் கார்டில் கொட்டை எழுத்தில் "நானோ காம்போசிட்" என்று போட்டிருக்கிறார். இது எனக்குப் பிடிக்காத சங்கதி. 1980-களின் கடைசியில் டொயோட்டா ஆராய்ச்சிக்காரர்கள் நைலான் 6-ல் சில சதவீதம் களிமண் தாதுவைச் சேர்த்தே பலத்தையும் சூடு தாங்கும் குணத்தையும் நன்றாக ஏற்றிக் காட்டினார்கள், அது உண்மை. ஆனால் அந்தக் களிமண்ணின் அடுக்குகளை ரசாயனம் போட்டு ஒவ்வொரு ஏடாகப் பிரித்து நைலானுக்குள் விரித்தார்கள். இங்கே தாதுப்பொடி மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். கேட்டேன். "அது கார்டுக்குத்தான் தம்பி" என்று சிரிக்கிறார். புதிதாகப் போகிறவர்கள் அந்த வார்த்தைக்குக் கூடக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஷெல்ஃபில் வாழைநார் போட்ட பி.பி. தொட்டி ஒன்றும் இருக்கிறது. மேலக்காலில் வாழைநாரில் கயிறு திரிக்கிறார்கள் அல்லவா, அந்தப் பக்கத்திலிருந்து நார் வாங்கி வெட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். நார் 200 டிகிரி தாண்டினால் கருக ஆரம்பிக்கும், நைலான் 6 உருகுவதே 220-ல், அதனால் பி.பி.-யோடு மட்டும்தான் அதற்குச் சம்பந்தம் பேச முடியும். காபிப்பொடி நிறம், கருகின வெல்லம் மாதிரி ஒரு வாசனை. பார்க்க அழகாக இருக்கிறது, செடி வைக்கலாம். என் வேலைக்கு ஆகாது.

விலை: கடைச் சரக்கைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் கூட வாங்குகிறார். பி.பி. கலப்பதால் குருணை விலையில் கொஞ்சம் மிச்சமாகிறது, அதை இதில் கழித்தால் எனக்குக் கையைக் கடிக்கவில்லை. 100 கிலோவுக்குக் குறைந்து ஓட்ட மாட்டார், ஏனென்றால் மெஷினைக் கழுவவே ஒரு மூட்டை போய்விடும். சின்ன டிரையலுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். மெஷின் ஓடும்போது ஃபோனை எடுக்க மாட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்துக்கு முன்பே சரக்கை எடுத்துவிடுங்கள், அந்த வாரம் பட்டறையில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இருக்காது. டேட்டா ஷீட் கேட்டால் ஒரு பேப்பரில் கையால் எழுதித் தருவார். பெரிய கம்பெனிக்குப் பீஸ் போடுகிறவர்களுக்கு அது செல்லாது, அவர்கள் இங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். போகிறவர்கள் உடைந்த பீஸையும், முடிந்தால் அது எதில் மாட்டுகிறதோ அந்த இரும்பையும் எடுத்துக்கொண்டு போங்கள், மற்றதை அவரே கேட்பார்.

ஐந்துக்கு மூன்றரை. உலை வாங்கினால் நாலு.

இப்போது என் மெஷின் பக்கத்துச் சுவரில் 62 என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன், மூட்டை பிரித்ததும் பத்து ஃபேன் தராசில் ஏறாமல் வேலை தொடங்காது. நேற்று வந்த மூட்டையில் முதல் பத்தும் 61.8-லிருந்து 62.1-க்குள் நின்றன. போன வாரம் பம்புக்காரர் ஒருவருக்காக இம்பெல்லர் (பம்புக்குள் இருக்கும் இறக்கைச் சக்கரம்) ஒன்றைப் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன், எப்போதும் தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிற சாமான். நைலான் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பீஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.